மஞ்சள் பைப் மாமா பதில்கள்

கேஸைப் போய் பிளாஸ்டிக் குழாயில் அனுப்புகிறார்களாமே! கேட்டாலே வயிறு கலக்குகிறது.
– இல்லத்தரசி, பெரியார் நகர்

இந்த மஞ்சள் பைப் எம்டிபிஇ என்னும் பாலிஎதிலீன் அம்மா. உங்கள் வீட்டுக் குடத்துக்குத் தூரத்துச் சொந்தம்தான். ஆனால் ஐஎஸ் 14885 என்னும் தரப் பரீட்சையைப் பாஸ் செய்து வேலைக்கு வந்த பிள்ளை. துருப்பிடிக்காது. தெருவில் 4 பார் அழுத்தத்தில் வரும் கேஸ், ரெகுலேட்டரின் கெடுபிடியில் அடங்கி, உங்கள் அடுப்புக்கு 21 மில்லிபாரில் வரும். அதைவிட அதிக அழுத்தம் சமையல்கட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்கிறார் உங்கள் வீட்டுக்காரர்.

சுவர் மேலேயே ஓட்டிவிட்டால் பள்ளம் தோண்டும் செலவு மிச்சமாகுமே?
– கான்ட்ராக்டர், பாலக்கரை

செலவு மிச்சமாகும், சுவர் மிச்சமாகுமா? வெயில் இந்தக் குழாய்க்கு ஜென்மப் பகை. அதனால் பொதுவாக ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து, அதற்கு மேலே எச்சரிக்கை நாடா விரிப்பார்கள். வீட்டை நெருங்கியதும் பொறுப்பை ஜிஐ அல்லது செப்புக் குழாயிடம் ஒப்படைத்துவிடும். நம்மூர் மே மாதத்தில் மனுஷனே வெளியே வருவதில்லை!

பிவிசிக்குப் பூசுகிற மாதிரி பசை தடவி ஒட்டினால் என்ன?
– பிளம்பர், ஜங்ஷன் ரோடு

பாலிஎதிலீன் பசைக்கு மசியாது. முனையின் மேல்தோலைச் சீவி, சீவிய இடத்தில் கை படாமல், கிளாம்ப் போட்டு, மின்சாரம் பாய்ச்சி உருக்கிச் சேர்க்க வேண்டும். ஃபிட்டிங்கில் இரண்டு குட்டி மொட்டுகள் எழும்பி ‘உருகியாச்சு’ என்று சொல்லும். ஆறும்வரை கிளாம்பைத் தொடக் கூடாது. டீக்குப் போக இதைவிட நல்ல சாக்கு எந்தத் தொழிலில் உண்டு?

என் பொம்மைச் சூளை வரைக்கும் மஞ்சள் பைப்பையே இழுத்துவிடலாமா?
– பீங்கான் தொழிலதிபர், விருத்தாசலம்

சூளைக்குள் 1,200 டிகிரி. பைப் 130 டிகிரிக்கே உருகும். பொம்மை வேகுமுன் பைப் வெந்துவிடும். ஆலைக்குள் இரும்புக் குழாய்தான். குஜராத் மோர்பியில் 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் நிலக்கரியை வாயுவாக்கும் கேசிஃபயர்களை மூடச் சொன்னதும் ஓடு ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்குத் தாவின. ஆகவே கேஸுக்கு ஆசைப்படுங்கள்; சிக்கனத்துக்கு ஆசைப்படாதீர்கள்.

கேஸ் விநியோகத்துக்குக் கடலூர், நாகை, திருவாரூர் மூன்றையும் ஏன் ஒரே வட்டாரமாக்கினார்கள்?
– பழமலைநாதர் பக்தர், திருமுதுகுன்றம்

2018 ஏலத்தில் எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் செய்த ஏற்பாடு. ஆனால் முன்னோடி சுந்தரர். இங்கே மணிமுத்தாற்றில் பொன்னைப் போட்டார், அங்கே திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்கிறது புராணம். பள்ளம் இல்லை, டெண்டர் இல்லை. வந்த சரக்கை மாற்று உரைத்துப் பார்க்கப் பிள்ளையாரே இன்ஸ்பெக்டர். இப்போதைய இன்ஸ்பெக்டர் கொழுக்கட்டையோடு விடுவாரா?

பூமிக்குள் பிளாஸ்டிக் இருப்பது மெட்டல் டிடெக்டருக்குத் தெரியாதாமே?
– ஜேசிபி ஓட்டுநர், பெண்ணாடம்

தெரியாதுதான். அமெரிக்காவில் குழாயைக் கண்டறியக் கூடவே ஒரு கம்பியையோ வேறு ஏற்பாட்டையோ வைக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அப்படிச் செப்புக் கம்பி போட்டால், கம்பியைக் கண்டுபிடிக்கவே தோண்டுகிற புண்ணியவான்கள் உண்டு. தோண்டும் முன் கேட்க 2023 முதல் ‘கால் பிஃபோர் யூ டிக்’ செயலி இருக்கிறது. தோண்டிய பின் கூப்பிட 108 இருக்கிறது. சாய்ஸ் உங்களுடையது.

பைப் உடைந்து கேஸ் சீறினால் கிட்டே போய் வீடியோ எடுக்கலாமா?
– ரீல்ஸ் தம்பி, மங்கலம்பேட்டை

சீறும் கேஸ் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏற்றும். இரும்பென்றால் மண்ணில் இறங்கிவிடும். பிளாஸ்டிக்கோ சேர்த்துவைத்துக்கொண்டு காத்திருக்கும். தொழில் தெரிந்தவரே ஈரத்துணியைக் குழாயில் சுற்றி, நுனியை மண்ணில் தொடவிட்ட பிறகுதான் கை வைப்பார். நீ சுவிட்சைத் தொடாதே, வண்டியைக் கிளப்பாதே, விலகிப் போய் போன் போடு. லைக் குவியும், எண்ணிப் பார்க்க நீ வேண்டாமா?

இயற்கை எரிவாயு இயற்கையாகவே நாறுமா?
– பிளஸ் டூ மாணவி, நெய்வேலி

நாறாது. மெர்காப்டன் கலந்து நாறவைக்கிறார்கள். 1937-ல் டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளியில் வாசனையில்லாத கேஸ் கசிந்து வெடித்து, 300 பேர் அளவில் இறந்தார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகு வந்ததுதான் நாறவைக்கும் விதி. காற்றில் 5 சதவீதம் சேர்ந்தால் தீப்பற்றும். 1 சதவீதத்திலேயே மூக்குக்குத் தெரிந்தாக வேண்டும். சிலிண்டர் கேஸ் தரையில் தவழும், இது கூரைக்கு ஏறும். மேல் ஜன்னலை அடைத்து ஏசி போட்டவர் வீட்டில் சொல்லிவை.

பிளாஸ்டிக்தான் மக்காதே! புதைத்தபின் என்ன பயம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பூதாமூர்

மக்காது, விரிசல் விடும். 1994-ல் அமெரிக்காவின் வாட்டர்லூவில் பழைய பிளாஸ்டிக் குழாய் விரிசல் விட்டதில் 6 பேர் பலி. கூர்க்கல் ஒன்று அழுத்திக்கொண்டே இருந்தாலும் போதும். அதனால்தான் அடியில் மணல் மெத்தை கேட்கிறது. மணல் ஆற்றில் இருந்தால்தானே?

ரூல் புத்தகத்தில் ஒன்றே ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால்?
– நகரவாசி, விருத்தாசலம்

சோதிக்காமல் கேஸ் விடாதே. முதலில் காற்றை அடைத்து அழுத்தம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். திறப்பு விழாத் தேதியை முன்பே குறித்துவிட்டால் இதற்குத்தான் நேரம் இருக்காது. தலைவரே வந்து நின்றாலும் கசிகிற குழாயில் அழுத்தமானியின் முள் இறங்கத்தான் செய்யும். அது மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.