திருடு போன பையும் ஆடித் தள்ளுபடியும்

கேள்வி: ரயிலில் செல்போனோடு பை திருடு போய்விட்டது. டிக்கெட் காப்பீட்டுப் பணத்தில், ஆடித் தள்ளுபடியில் புதிது வாங்கலாமா?

பதில்: தள்ளுபடி கிடைக்கும், காப்பீட்டுப் பணம்தான் கிடைக்காது! ஐஆர்சிடிசி டிக்கெட்டோடு சில பைசாவுக்குக் கிடைப்பது விபத்துக் காப்பீடு. உயிரிழப்புக்கு 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் ரூபாய் வரை உண்டு. பெட்டிக்கும் போனுக்கும் அதில் இடமில்லை.

ரயில்வே தருமா? 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100ஆவது பிரிவுப்படி, கையோடு கொண்டுபோகும் சாமான் தொலைந்தால், ஊழியரின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாயைப் பறிகொடுத்த துணி வியாபாரியின் வழக்கில், இது ரயில்வேயின் சேவைக் குறைபாடு அல்ல என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

தனியாகப் பயணக் காப்பீடோ, போன் காப்பீடோ எடுத்தவருக்கு வழியுண்டு. உடனே 139க்குப் போன் செய்து, ரயில்வே போலீசில் எஃப்ஐஆர் பதிய வேண்டும். கடை பில்லும் அவசியம். பல பாலிசிகளில் தேய்மானம் கழித்துத்தான் தொகை வரும். துண்டு விழுவதை ஈடுகட்டத்தான் தள்ளுபடி.

எக்ஸ்சேஞ்ச் சலுகையை மறந்துவிடலாம், பழைய போன் திருடனிடம் இருக்கிறதே! போலீஸ் புகார் நகலோடு 'சஞ்சார் சாத்தி' தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால், அந்தப் போன் அவனுக்கும் உதவாது.