வண்டி வந்துட்டு, டிரைவர் வரல

வாலே, உக்காரு. முகம் ஏன் இப்படித் தொங்குது? புது லேப்டாப்பு வாங்கிட்டேன் தாத்தான்னு பத்து நாளைக்கு முன்னால போன்ல அந்தக் குதி குதிச்சே. எங்க, அத இங்கன வை, பாப்போம். அடேயப்பா, மூடியத் தூக்குனா முகம் பாத்துச் சவரம் பண்ணிரலாம் போலருக்கு. இந்த மாசந்தான் கடைக்கு வந்த மாடலா? சந்தோசம். செஞ்ச கம்பெனிக்காரனே இன்னும் முழுசாப் பாத்திருக்க மாட்டான், நீ பாத்துட்டே.

என்ன சீக்குன்னு நானே சொல்லுதேன். லினக்ஸு போட்டே. வைஃபை வரல. கேமராவத் தொறந்தா அமாவாச. மூடி வச்சாத் தூங்க மாட்டேங்கு, பைக்குள்ள கெடந்து இட்லிக் கொப்பரை மாதிரி காயுது. அப்படித்தான? இதுக்கு நீ லினக்ஸத் திட்டிக்கிட்டு பஸ் ஏறி வந்திருக்கே. நல்லாருக்குலே உன் நியாயம்.

நாப்பது வருசம் பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டின கை இது. புது மாடல் மோட்டாரு ஒண்ணு சந்தைக்கு வந்தா, மொத ஆளா வாங்குறதுக்குன்னே ஊருக்கு ஒரு பண்ணையாரு இருப்பாரு. மொதக் கோடையிலேயே அது புகைஞ்சுக்கிட்டு எங்கிட்ட வரும். நான் அதப் பிரிச்சு, எத்தன சுத்து, என்ன கேஜ் கம்பின்னு ஒண்ணொண்ணா எண்ணி நோட்டுல எழுதி வச்சுக்கிடுவேன். பண்ணையாரு வயலுக்கு ஒரு வாரம் தண்ணி பாயாது. அதுக்குப் பொறவு அதே மாடல எவன் தூக்கிட்டு வந்தாலும் பொழுது அடையறதுக்குள்ள கட்டிக் குடுத்துருவேன். இந்தக் கதையில நீ யாருன்னு உனக்கே தெரிஞ்சிருக்கும்.

எதப் போட்டே? டெபியன் 12ஆ? அது வந்தது 2023 ஜூன்ல. அதுக்குள்ள இருக்கிற கெர்னல் 6.1, 2022 டிசம்பர்ல வெளிவந்தது. உன் வைஃபை சிப்பு அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சுப் பொறந்த பிள்ள. தகப்பனுக்குக் கல்யாணம் ஆகுறதுக்கு முந்தி எடுத்த ரேஷன் கார்டுல பிள்ள பேரு எப்படிலே இருக்கும்? 2025 ஆகஸ்டுல வந்த டெபியன் 13ல 6.12 இருக்கு, அதயாவது போட்டிருக்கலாம். கெர்னல்காரங்க ஒம்பது பத்து வாரத்துக்கு ஒருக்கப் புதுசு விடுதாங்க. டெபியன்காரங்க ரெண்டு வருசத்துக்கு ஒருக்கத்தான் அடுப்ப மூட்டுவாங்க. நிதானமான குடும்பம். இன்ஸ்டாலர்ல ஃபர்ம்வேரச் சேக்கலாமா வேண்டாமான்னு 2022ல ஓட்டுப் போட்டுத்தான் முடிவு பண்ணுனாங்கன்னாப் பாத்துக்கோ. அந்த நிதானத்துக்காகத்தான் நான் அதையே வச்சிருக்கேன். அவசரக் குடுக்கைக்கு அது ஆகாது.

டிரைவரே எழுதலன்னு நெனச்சுக்கிடாத. இன்டெல்காரனும் ஏஎம்டிகாரனும் பல நேரம் சிப்பு கடைக்கு வாறதுக்கு முந்தியே டிரைவர அனுப்பிருதாங்க. சோறு வெந்துட்டு, உன் பந்திக்குத்தான் இன்னும் வரல. அதுலயும் கிராபிக்ஸ்னு வந்தா மூணு பேரு ஒத்துப் போகணும்: கெர்னல், ஃபர்ம்வேர், அப்புறம் படம் வரையுற மேசா. 2025 மார்ச்சுல ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070னு ஒரு கார்டு வந்துச்சு. உபுண்டு 24.04 மொதல்ல வந்தப்ப உள்ள இருந்தது கெர்னல் 6.8. அந்தக் கெர்னலுக்கு இந்தக் கார்டு யாரு எவருன்னே தெரியாது. கெர்னல மட்டும் மாத்தி, மேசாவ மாத்தலன்னா, மாப்பிள்ள மணவறைக்கு வந்தாச்சு, மேளக்காரன இன்னும் காணோம்ங்கிற கதைதான்.

என்விடியா கதை தெரியுமா? 2012ல ஃபின்லாந்துல ஆல்டோ யுனிவர்சிட்டி மேடையில, லினக்ஸ உண்டாக்குன லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவப் பாத்து நடுவிரலத் தூக்கி அந்தக் கம்பெனியத் திட்டுனாரு. பெரிய மனுசன், செய்யலாமான்னு கேக்காத, செஞ்சாரு. பத்து வருசம் கழிச்சு, 2022 மே மாசம், கம்பெனி தன் டிரைவர்ல கெர்னல் பக்கத்துத் துண்ட மட்டும் தொறந்து விட்டுச்சு. மிச்சம் இன்னும் பூட்டுக்குள்ளதான். ஆனா வேடிக்கையப் பாரு, பிளாக்வெல்லுன்னு வந்த புதுக் கார்டுக்கெல்லாம் அந்தத் தொறந்த துண்டுதான் வேல செய்யும், பழைய மூடின துண்டு செய்யாது.

இப்பக் கேமராவுக்கு வாறேன். இதுலதான் உன்ன மாதிரிப் பயலுவ நெறைய ஏமாந்து போறானுவ. பழைய லேப்டாப்புக் கேமரா உள்ளுக்குள்ள யூஎஸ்பியில மாட்டியிருக்கும். பாலக் கறந்து, காய்ச்சி, ஆத்தி, டம்ளர்ல ஊத்திக் குடுக்கிற ரகம். எல்லாருக்கும் ஒரே டம்ளர், அதனால ஒரே டிரைவர் போதும். 2022 வாக்குல வந்த சில இன்டெல் லேப்டாப்புல ஐபியூ6ன்னு ஒண்ணு வச்சான். அது மடியில கறந்த பால அப்படியே நுரையோட நீட்டும். காய்ச்சுறது, சீனி போடுறது, ஆத்துறது எல்லாம் உன் பாடு. நெறம் திருத்தணும், வெளிச்சம் திருத்தணும், அதையெல்லாம் செய்யற சாஃப்ட்வேரக் கம்பெனி மூடி வச்சிருந்துச்சு. பால வாங்குற பாத்திரம் மட்டும் கெர்னலுக்குள்ள வந்து சேந்தது 6.10ல, 2024 ஜூலையில. காய்ச்சுற வேலைய லிப்கேமராங்கிற கூட்டத்தாரு சாஃப்ட்வேர்லயே செய்யப் பழகிக்கிட்டிருக்காங்க. உன் கேமராவும் அந்தச் சாதியான்னு பாரு. அப்படின்னா ஐநூறு ரூவாய்க்கு யூஎஸ்பி கேமரா ஒண்ண வாங்கி மாட்டிக்கிட்டு வாய மூடிக்கிட்டு இரு.

ஆனா நீ படுறது பாடே இல்ல. ஆப்பிள்காரன் 2020 நவம்பர்ல எம்1னு சொந்தச் சிப்பு போட்டு மேக்க விட்டான். உள்ள என்ன இருக்குன்னு ஒரு காயிதமும் குடுக்கல. ஹெக்டர் மார்ட்டின்னு ஒருத்தரு கூட்டம் சேத்து, அசாஹி லினக்ஸுன்னு பேரு வச்சு, பிரிச்சு மேய ஆரம்பிச்சாரு. மெக்கின்டாஷ்ங்கிற ஆப்பிள் பழத்துக்கு ஜப்பான்ல அசாஹின்னு பேராம், குசும்பப் பாத்தியா? 2022 மார்ச்சுல மொதப் பதிப்பு வந்துச்சு. அதே வருசம் ஜூலைக் கடைசியில டோர்வால்ட்ஸே ஆப்பிள் லேப்டாப்புல இருந்து கெர்னல் 5.19ஐ வெளியிட்டாரு. ஆனா ஸ்பீக்கர மட்டும் அவங்க ரொம்ப நாளு தொறந்து விடவே இல்ல. ஏன்னு கேளு. அந்தக் குட்டி ஸ்பீக்கரக் கண்டமானிக்கு அலற விட்டா உள்ள காயிலு வெந்து போவும். எவ்வளவு சூடேறுதுன்னு கணக்குப் போட்டு, சத்தத்த இழுத்துப் பிடிக்க ஒரு காவக்காரப் புரோகிராம் எழுதி முடிச்ச பொறவுதான் விட்டாங்க. காயில் கட்டுறவனுக்கு இத விட மரியாதை என்ன வேணும்? நான் அவங்களுக்குக் கும்பிடு போட்டுட்டேன். 2023 அக்டோபர்ல எம்3 வந்துச்சு. 2025லயும் அவங்க இன்ஸ்டாலரு எம்1, எம்2க்குத்தான். புதுச வச்சிருக்கிறவன் வாசல்ல நிக்கான்.

சரி, அழாத. உன் போன எடு. கேபிள லேப்டாப்புல சொருகி, யூஎஸ்பி டெதரிங்க ஆன் பண்ணு. போனு ஒரு நெட்வொர்க் கார்டு மாதிரி வேசம் போடும், அதுக்கு டிரைவரு எப்பவோ வந்தாச்சு. வைஃபை இல்லாமலே வைஃபைக்கு மருந்து இறக்கலாம். டெபியன்தான் வேணும்னா பேக்போர்ட்ஸ்ல புதுக் கெர்னலும் புது ஃபர்ம்வேரும் இருக்கு, அத ஏத்து. பொறுமையே இல்லாத சென்மம்னா ஆறு மாசத்துக்கு ஒருக்க வாற ஃபெடோராவுக்குப் போயிரு. அடுத்த தடவ வாங்குறதுக்கு முந்தி ஒரு பென்டிரைவ்ல லைவா ஏத்திக் கடையிலேயே ஓட்டிப் பாரு. கடைக்காரன் மொறைப்பான், மொறைக்கட்டும். மாட்டுச் சந்தையில பல்லப் பிடிச்சுப் பாக்காம எவனாவது காச எடுப்பானா?

அப்படியும் ஓடலயா? டி-மெசேஜ்னு (dmesg) கெர்னல் எழுதி வைக்கிற குறிப்புல என்ன எழுதியிருக்கு, சிப்பு நம்பர் என்ன, கெர்னல் எந்த வெர்ஷன்னு சுத்தமாக் குறிச்சு, பக்கு ரிப்போர்ட்டா எழுதிப் போடு. 'ஓடல, சீக்கிரம் சரி பண்ணுங்க'ன்னு நாலு வார்த்த எழுதாத. மோட்டாரு புகையுதுன்னு போன்ல சொன்னா நான் என்னத்தக் கட்டுவேன்? சுத்து எத்தன, கம்பி என்னன்னு சொல்லணும்.

நீ புதுசு வாங்குறத நிப்பாட்டிராதலே, சொல்லிட்டேன். நீங்க நாலு பேரு இல்லன்னா எங்களுக்கு யாரு எண்ணி எழுதி வைப்பா? உங்க அக்கா பன்னெண்டாப்புப் படிக்கையில அரசாங்கம் குடுத்த லேப்டாப்புலதான் நான் இன்னைக்கும் கடைக் கணக்குப் பாக்கேன். டெபியன் ஜம்முனு ஓடுது. வைஃபை, சத்தம், தூக்கம் எல்லாம் சரி. பேட்டரிதான் செத்துட்டு, கரண்டு போனா கணக்கும் போச்சு.

அது கெடக்கட்டும். இதுக்கு முந்தி சாம்பக் கலர்ல ஒண்ணு வச்சிருந்தியே, மூணு வருசத்துப் பழசு? வாங்கின புதுசுல டச்பேடு ஓடலன்னு இதே திண்ணையில இதே மாதிரித்தான் உக்காந்திருந்தே. இப்ப அதுல எல்லாம் ஓடுதுல்லா? அத எக்ஸ்சேஞ்சுல தள்ளிராத. தீவாளிக்கு வரும்போது கொண்டாந்து இங்கன வச்சிட்டுப் போ. சார்ஜர மறந்துராத.