நாசிலுக்கு வந்த பவுசு

என்னடா கண்ணு, வண்டிக்கு நாசில் மாத்தப் போறியாமா? உங்கப்பன் வந்து சொல்லிட்டுப் போனான். சும்மா நாசில் இல்லியாம், பெரிய நாசிலாமா. ஓட்டை பெருசா இருக்குமாமா, டீசல் எச்சாப் பாயுமாமா, வண்டி பறக்குமாமா. பறந்து எங்க சாமி போகப் போவுது? தாராபுரத்துப் பக்கம் தக்காளிக் கூடையை ஏத்தி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல எறக்கற வண்டி. வெடியால மார்க்கெட்டுக்குள்ள நொழைஞ்சா, முன்னாடி நிக்கற லாரிக்காரன் நவுந்தாத்தானே நீ நவுர முடியும்?

நீ பேசற பேச்சுல பாதி எனக்குப் புரியறதில்ல. ஸ்டேஜ் ஒண்ணுங்கற, ஸ்டேஜ் ரெண்டுங்கற. மாரியம்மன் நோம்பிக்கு நாடகம் போடறவனே ஒரு ஸ்டேஜோட நிறுத்திக்கறான்.

சித்த உக்காரு. உன்ற வண்டி என்ன வண்டி? டாடா 207 டிஐ. நாலு சிலிண்டர், 2,956 சிசி. டர்போ கெடையாது, கம்ப்யூட்டர் கெடையாது. பம்பு தள்ளும், நாசில் தெளிக்கும். அவ்வளவுதான் அதோட ரகசியம். மாத்தோணும்னு குதிக்கறியே, அந்தச் சாமான் உள்ளுக்குள்ள என்ன பண்ணுதுன்னு ஒரு நாளாவது கழட்டிப் பாத்திருக்கியா?

வெரல் மொத்தத்துல ஒரு எஃகுத் துண்டு. அதுக்குள்ள ஒரு ஊசி. அந்த ஊசியை மேல இருந்து ஸ்பிரிங் ஒண்ணு அமுக்கிப் புடிச்சிருக்கும். பம்புல இருந்து வர்ற டீசல் அந்த ஊசியைத் தூக்கோணும்னா 200 பாருக்கு மேல அழுத்தம் வேணும். உன்ற டயர்ல இருக்கற காத்து மூணு, நாலு பாரு. கணக்கு நீயே போட்டுக்க. ஊசி தூக்குனதும் நுனியில இருக்கற நாலஞ்சு ஓட்டை வழியா டீசல் பூந்தூத்தலாத் தெறிக்கும். டப்புனு ஊசி மூடிக்கும். ஓட்டை ஒவ்வொண்ணும் கால் மில்லிமீட்டர் பக்கம். ஊசிக்கும் அது நொழையற கூட்டுக்கும் நடுவால ரெண்டு மூணு மைக்ரான்தான் எடம். அதனாலதான் ஒரு நாசிலோட ஊசியை இன்னொரு நாசில்ல போடக் கூடாதுங்கறது. எஞ்சின் நிமிசத்துக்கு 3,000 சுத்து சுத்துனா ஒவ்வொரு நாசிலும் 1,500 தடவை இந்த வேலையைப் பண்ணுது. நொடிக்கு 25. நீ ஒரு கொட்டாவி உட்டு முடிக்கறதுக்குள்ள அது நூறு தடவை தெளிச்சிருக்கும். ஆராவது அதுக்கு ஒரு நாளாவது நல்ல வார்த்தை சொல்லியிருக்கீங்களா?

டீசல் எஞ்சினைக் கண்டுபுடிச்ச ருடால்ஃப் டீசல் 1897-ல எஞ்சினை ஓட்டிக் காட்டுனப்ப, எரிபொருளை உள்ள தெளிக்க அழுத்தி வெச்ச காத்தைத்தான் நம்புனாரு. அந்தக் காத்தை அழுத்தறதுக்குத் தனியா ஒரு கம்ப்ரெசர். அத்தாப் பெரிய சாமானை லாரியில எங்க வெக்கறது? காத்துக்குப் பதிலா பம்பை வெச்சே தெளிக்கற வேலையில பாஷ் கம்பெனி 1922-ல எறங்கி, 1927-லதான் பம்பை வரிசையாச் செஞ்சு வெளியில உட்டுது. நம்ம நாட்டுக்கு 1951-ல மைக்கோ வந்துச்சு. பெங்களூர் ஆடுகோடியில பேக்டரி போட்டாங்க. 2008-ல பேரை பாஷுன்னு மாத்திக்கிட்டாங்க, நம்ம மெக்கானிக்குக மட்டும் இன்னும் மைக்கோவை உடல. இத்தனை பேரு மண்டையைக் குடைஞ்சு, பிஸ்டன் தலையில இருக்கற குழிக்குத் தக்கன ஓட்டை எத்தனை, எந்தச் சாய்வுன்னு கணக்குப் போட்டு வெச்சதை, நீ ஒரு டீ குடிக்கற நேரத்துல திருத்தறேங்கற. மெத்தப் படிச்சவன்தான்டா நீ.

சரி, பெரிய ஓட்டைதானே வேணும்? அதுக்கு எதுக்குக் காசு? உன்ற பழைய நாசிலு ஓடி ஓடித் தேஞ்சு, ஓட்டை ஏற்கெனவே பெருசாத்தான் ஆயிருக்கும். பெருசாகி என்ன கண்டே? மைலேஜ் போச்சு, புகை வந்துச்சு. அதையே புதுசாக் காசு குடுத்து வாங்கறேங்கற.

காத்துக் கணக்கு ஒண்ணு இருக்குது, கேட்டுக்க. ஒரு கிலோ டீசல் எரியோணும்னா 14.5 கிலோ காத்து வேணும். அது ஏட்டுக் கணக்கு. சிலிண்டருக்குள்ள டீசலும் காத்தும் மூலை முடுக்கெல்லாம் கலக்கறதுக்கு நேரம் பத்தாது. அதனால புகையில்லாம எரிய 18 கிலோ, 20 கிலோன்னு வேணும். டர்போ இல்லாத எஞ்சின் எவ்வளவு காத்தை உறிஞ்சும்? பிஸ்டன் கீழ எறங்கறப்ப தானா வர்றதுதான். நீ டீசலை ஏத்துனா காத்து ஏறுமா? உங்க பாட்டிகிட்டக் கேளு, அடுப்பு நெறைய வெறகைத் திணிச்சாச் சோறு சீக்கிரம் வேகுமா, ஊடு பொகையுமான்னு.

இதுல இன்னொரு கூத்து இருக்குது. உன்ற வண்டியில டீசலை அளந்து உடறது பம்பு. நாசில் இல்ல. ஓட்டையைப் பெருசு பண்ணுனா அதே அளவு டீசல்தான், கொஞ்சம் வெரசா, பெரும் பெரும் துளியா உள்ள உழும். பெரிய துளி எரிய நேரம் எடுக்கும். வண்டி ஒண்ணும் பறக்கலியேன்னு போயி நிப்பே. மெக்கானிக் என்னம்பான்? "பம்பைச் சித்த ஏத்தி உட்டரலாங்ணா"ம்பான். பம்பை ஏத்துனா கரும்புகை தள்ளும். "ஒரு டர்போ மாட்டிரலாங்ணா"ம்பான். டர்போ மாட்டுனா கிளட்ச் வழுக்கும். கிளட்ச்சை மாத்துனா ஹெட் கேஸ்கட் ஊதும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? அந்த மெக்கானிக்கைக் குத்தம் சொல்லல. நீ கேட்டே, அவன் குடுத்தான். அவனுக்கும் புள்ளைகுட்டி இருக்குதல்லொ.

இத்தோட போச்சுன்னா பரவால்ல. எரியாத டீசல் லைனர்ச் சுவத்துல வழியும். அங்க இருக்கற ஆயிலைக் கழுவி எடுத்துக்கிட்டு சம்ப்புக்குள்ள எறங்கும். கேஜ் கம்பியை உருவிப் பாத்தா ஆயில் மட்டம் ஏறியிருக்கும். நீ "பாத்தியா தாத்தா, என்ற வண்டி ஆயிலே குடிக்கறதில்ல"ன்னு எங்கிட்டயே பெருமை பேசுவே. லேட்டா எரியற டீசல் பிஸ்டன் தலையையும் வால்வையும் சுடும். மேட்டுல பாரத்தோட ரொம்ப நேரம் அமுக்கிப் புடிச்சு பிஸ்டன் உருகி ஓட்டை உழுந்த வண்டியும் உண்டு.

பைபாஸ் ரோட்டு டீக்கடையாண்ட பொழுதோட நாலு பசங்க நிக்கறானுக பாரு, நம்ம ஊருப் பசங்கதான். ஆக்சிலேட்டரை ஒரே அமுக்கு அமுக்கிக் கரும்புகையைக் கக்கி உட்டுட்டுக் கைதட்டறானுக. அதுதான் பவராமா. வடைச் சட்டியில கரி உழுவுதுன்னு கடைக்காரம்மா கத்தறது ஒருத்தன் காதுலயும் ஏறறதில்ல. அட சாமி, அந்தப் புகை பூராவும் பங்க்குல நீ காசு எண்ணி வாங்குன டீசலு. வேலை செய்யாமயே வெளிய போவுது. அதைப் பாத்துக் கைதட்டறதுக்கு ஒரு மனசு வேணும், நமக்கெல்லாம் அது வாய்க்கல.

பெரிய நாசில் ஆருக்குமே ஆகாதுன்னு நான் சொல்லல. என்ற பேரன் காட்டுனான். அமெரிக்காவுல டாட்ஜ் பிக்கப்புல கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சின் போட்டு வந்துச்சு, 1989 மாடல்ல இருந்து. ஆறு சிலிண்டர், வர்றப்பவே டர்போவோட வந்தது. இழுவைப் போட்டிக்குப் போறவன் அதுல பெரிய நாசில் மாட்டறான். மாட்டிட்டுச் சும்மா இருக்கறானா? டர்போவை மாத்தறான், கிளட்சை மாத்தறான், வெளிய போற புகையோட சூடு எவ்வளவுன்னு பாக்க டேஷ்போர்டுல மீட்டர் வெக்கறான். அவனுக்கு அது வெளையாட்டு, செலவு பண்ணறான். நீ தக்காளிக்காரன். தக்காளி வெலை என்னைக்கு ஏறும் என்னைக்கு எறங்கும்னு உனக்கே தெரியாது. வெரலுக்குத் தக்க வீக்கம் போதும்.

எஃப்.சி.க்குப் போறப்ப இன்னும் வேடிக்கை. புகை டெஸ்ட் பண்ணறவன் சைலன்சருக்குள்ள குழாயை உட்டுட்டு, "அண்ணா, முழுசா அமுக்குங்க"ம்பான். பி.எஸ்.4-க்கு முந்துன டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் வரைக்கும் உடுவாங்க, பி.எஸ்.4 வண்டிக்கு 50. டீக்கடையாண்ட கைதட்டு வாங்கித் தந்த புகைக்கு அங்க ஆரும் கைதட்ட மாட்டாங்க.

நெசமாவே வண்டி இழுக்கறதில்லையா? எங்க இழுக்கறதில்ல? பாச்சலூர் மலைப்பாதையிலயா? ஆர்.சி.யில எழுதியிருக்கற எடை என்ன, நீ ஏத்தற எடை என்ன? சரி, அந்த நாயம் வேண்டாம், ஓரியாட்டமாயிரும். காத்து பில்டரைக் கழட்டிப் பாத்தியா? போன மாசம் கோழிப்பண்ணைக்குத் தவுடு ஓட்டுனீயல்லொ, உள்ள இருந்து கோழி எறகு வந்தாலும் வரும். மூச்சு உட முடியாத எஞ்சினுக்குச் சாப்பாட்டை எச்சு வெக்கப் பாத்தே நீ. டீசல் பில்டர் மாத்துனது எப்ப? டேங்க்குக்கு அடியில தண்ணி நிக்குதான்னு பாத்தியா? பழைய டேங்க்கு, துருப் பொடி உதுரும். அது ரெண்டு மைக்ரான் சந்துக்குள்ள போனா ஊசி என்னத்துக்கு ஆகும்? சீமெண்ணெய் கலந்து ஊத்துற ஆளுகளும் இருக்கறாங்க. டீசல்லதான் பம்புக்கு வழுவழுப்பே. சீமெண்ணெய்ல அது இல்ல, பம்பு எலிமெண்ட் தேஞ்சு போயிரும்.

அதுக்கு மேலயும் நாசில் மேலதான் சந்தேகம்னா, எஞ்சினை ஐடில்ல உட்டு, நாசில் பைப் நட்டை ஒவ்வொண்ணாச் சித்த லூசு பண்ணு. நல்ல சிலிண்டரா இருந்தா எஞ்சின் தடுமாறும். எதை லூசு பண்ணியும் எஞ்சின் அது பாட்டுக்கு ஓடுதோ, அந்தச் சிலிண்டர்தான் சோம்பேறி. இதை உங்க சித்தப்பன் வெச்சிருக்கற காமன் ரயில் பொலேரோவுல பண்ணிப் பாத்துராதே. அதுல அழுத்தம் 1,000 பாருக்கு மேல, தோலைக் கிழிச்சுக்கிட்டு உள்ள போயிரும். ஆசுபத்திரியில வெரலையே எடுக்க வேண்டி வந்தாலும் வரும். அந்த வண்டிக்கு நாசில் மாத்துனா ஒவ்வொரு நாசில் மேலயும் எழுதியிருக்கற கோடை ஸ்கேனர்ல ஏத்தோணும், அது வேற கதை.

உன்ற வண்டி நாசில் நாலையும் கழட்டி பம்புக் கடைக்குக் கொண்டு போ. கழட்டறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கற மண்ணை ஊதித் தொடைச்சுரு. அங்க டெஸ்டர்ல மாட்டிக் கைப்புடியை அமுக்குவாங்க. நீ பக்கத்துல நின்னு கேளு. நல்ல நாசிலு கர்ர் கர்ர்னு கத்தும். எல்லா ஓட்டையிலயும் ஒரே மாதிரி தூத்தல் கெளம்பும், நின்னதும் நுனி காஞ்சு கெடக்கும். கெட்டுப் போனது கத்தாது, ஒரு பக்கம் ஒழுகும், நுனியில ஒரு சொட்டு தொங்கிக்கிட்டு நிக்கும். மீட்டர் முள்ளு பொசுக்குனு எறங்குதான்னும் பாத்துக்க. ஆர்வத்துல தூத்தலுக்கு நேராக் கையை மட்டும் நீட்டிராதே. பாதி நாசிலுக்கு ஸ்பிரிங் மேல ஒரு ஷிம் வெச்சு அழுத்தத்தைச் சரி பண்ணுனாப் போதும்னு அவங்களே சொல்லுவாங்க.

மாத்தித்தான் ஆகோணும்னா நாலையும் மாத்து. பழைய நாசில் மேல டிஎல்எல்ஏன்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர் பொறிச்சிருக்கும். எழுத்துக்கு அடுத்து வர்ற எண்ணு தெளிக்கற கோணம். அச்சு அசலா அதே நம்பர் வாங்கு. பொட்டியைப் பாத்து ஏமாறாதே, டூப்ளிகேட் நெறைய சுத்துது. அடியில போடற காப்பர் வாஷர் புதுசாப் போடு. லட்சக்கணக்குல காசு போட்டு வண்டி வாங்குனவன் அந்தப் பத்து ரூவாச் சாமான்லதான் கஞ்சம் புடிப்பான்.

இவ்வளவும் பண்ணுனாலும் நீ பெரிய நாசிலுக்குன்னு எடுத்து வெச்ச காசுல பாதி மிஞ்சும். பின்னாடி டயரைப் போயிப் பாரு, நூல் தெரியுது. அப்பறம் பிரேக் லைனிங்கு. பாச்சலூர் மேட்டுல ஏறறதுக்கு ராத்திரியெல்லாம் முழிச்சு யோசனை பண்ணியிருக்கே, எறங்கறதுக்கு ஆருடா யோசிப்பா?