ராமானுஜரை விட மூத்த இலை

கேள்வி: என் பையனுக்கு டைனோசர் பைத்தியம். கோயிலும் தறியுமாக இருக்கும் நம்ம ஊரிலிருந்து புதைபடிவம் காட்ட எங்கே கூட்டிப்போவது?
– ஒரு வாசகி, சின்ன காஞ்சிபுரம்

பதில்: சென்னை பஸ்ஸில் ஏறுங்கள், பாதி வழியிலேயே ஆரம்பம்! ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பாறைகளில் டைனோசர் காலத்து இலைகளின் அச்சு உண்டு. அங்கே அவதரித்த ராமானுஜருக்கு வயது ஆயிரம் என்று வியக்கிறோம். இந்த இலைகளுக்கோ அதைப்போல் லட்சம் மடங்குக்கும் மேல், 10 கோடியைத் தாண்டும்! அப்படியே எழும்பூர் அருங்காட்சியகம் போங்கள், 1851இல் தொடங்கியது. அடுத்த பௌர்ணமிக்குத் திருவக்கரை. வக்ரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே சுமார் 2 கோடி வயதுக் கல்மரங்களையும் பாருங்கள். ஜரிகையை எடைபோடும் காஞ்சிக் கண்ணுக்குக் கல்லில் மரத்தின் ரேகை தப்பாது. ஒரு சில்லைக்கூட எடுத்துவராதீர்கள். நாளை வரும் பிள்ளைகளும் பார்க்க வேண்டும்!