சூரியனுக்கு முந்திய வெளிச்சம்

ஆதியாகமத்தில் வெளிச்சம் முதலாம் நாள் வருகிறது. சூரியன் நாலாம் நாள்தான். இடைப்பட்ட நாட்களுக்கு வெளிச்சம் கொடுத்தது யார்?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

மின்சார சபை இல்லை என்பது மட்டும் நிச்சயம். 2022 மார்ச் கடைசியில் நமக்குச் சூரியன் இருந்தது, 13 மணிநேரம் கரண்ட் இல்லை!

விஷயம் சின்னதல்ல. எகிப்தும் பாபிலோனும் சூரியனைத் தெய்வமாகக் கும்பிட்ட உலகத்தில், அதை நாலாம் நாள் வேலைக்குச் சேர்ந்த விளக்காக எழுதிவைத்தது பெரிய துணிச்சல்.

அதென்ன, 'சாயங்காலமும் விடியற்காலமும்' சேர்ந்து ஒரு நாள்? தலைகீழ்க் கணக்காக இருக்கிறதே!
(வாசகி, வெள்ளவத்தை)

காலி வீதிப் பக்கம் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? உங்கள் ஊர் களைகட்டுவதே பொழுதுபட்ட பிறகுதானே!

யூதருக்கு ஓய்வுநாள் வெள்ளி மாலையே பிறந்துவிடும். கத்தோலிக்கருக்குச் சனி மாலைப் பூசை ஞாயிற்றுக் கணக்கில் சேரும். கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் பிறை அறிவித்தால், அந்த இரவே நோன்பு மாதம்.

கடவுள் பிரித்த பகலிரவில் மனிதன் கைவைக்கலாமா?
(அதே வாசகி)

வைத்தோமே! மின் தட்டுப்பாடு என்று 1996 மே மாதம் கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்தள்ளினார்கள்; ஒக்டோபரில் அரை மணி பின்னிழுத்தார்கள். மிச்ச அரை மணி திரும்பி வர 2006 ஏப்ரல் ஆயிற்று. ஒரே நாளில் முடிந்த பகலிரவுப் பிரிப்பைத் திருத்திச் சரிக்கட்டப் பத்து வருடம்!

புலிகள் தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரத்தை விடவில்லை. அதனால் ஏ-9 வீதி திறந்திருந்த காலத்தில், ஓமந்தையைத் தாண்டி அந்தப் பக்கம் போனவர்கள் கைக்கடிகாரத்தில் அரை மணி குறைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.