ஒரு டைரி, பல வாரிசுகள்

டைரி வாங்கப் போகிறவர்கள் தாளைத் தடவிப் பார்ப்பார்கள், அட்டையை வளைத்துப் பார்ப்பார்கள், யாரும் கவனிக்காதபோது முகர்ந்தும் பார்ப்பார்கள். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எங்கள் வீட்டில் இது யார் கைக்குப் போய்ச் சேரும்?

திட்டமிட்டு வாழ்வது எப்படி என்று புத்தகம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தனி அறையும் பூட்டு போட்ட மேஜையும் இருக்கும் என்பது என் சந்தேகம். நாலு பேர் புழங்கும் வீட்டில் வெற்றுத்தாள் பொதுச்சொத்து. அதில் முதல் பக்கத்தில் என் பெயரை எழுதிவைப்பதெல்லாம் கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் எழுதுவது போலத்தான். வெளிச்சம் எல்லோருக்கும்.

முன்பெல்லாம் டைரியைக் காசு கொடுத்து வாங்குகிறவனை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். ஜனவரி பிறந்தால் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒன்று தருவார், நகைக்கடை ஒன்று தரும், பேங்கில் மேனேஜரைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று கிடைக்கும். திறந்ததும் சொந்த விவரப் பக்கம். பெயர், ரத்த வகை, பாலிசி எண், பான் எண். பழைய டைரிகளில் சட்டைக் காலர் அளவும் செருப்பு அளவும்கூடக் கேட்பார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் முத்து முத்தாக நிரப்பிவிட்டு, வருடத்தையே எழுதி முடித்த நிறைவோடு மூடிவைத்தவர்கள் நம்மில் ஏராளம். அதற்குப் பிறகு பின்பக்கத்து எஸ்.டி.டி. கோடு பட்டியலுக்காகத்தான் அதைத் திறப்பார்கள்.

திட்டமிடல் என்றால் அது சிவகாசிக்காரர்களிடம் இருக்கிறது. ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருட காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியே விட்டுவிடுகிறார்கள். நமக்கு அன்றைக்குச் சித்ரான்னத்தைத் தாண்டி யோசனை ஓடுவதில்லை.

லண்டனில் ஜான் லெட்ஸ் என்ற ஸ்டேஷனரி வியாபாரி 1812இல் வணிகர்களுக்காக டைரி அச்சிட்டார். தேதி போட்ட டைரி வியாபாரம் அங்கேதான் சூடுபிடித்தது. அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னால், 1736இலேயே, புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுத ஆரம்பித்துவிட்டார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, துரை கோபித்துக்கொண்டது என்று 1761 வரை ஓடுகிறது. அவர் வீட்டில் யாரும் அதில் பால் கணக்கு எழுதியதாகத் தகவல் இல்லை. கொடுத்துவைத்தவர்.

என் கதை ஆண்டர்சன் தெருவில் நடந்தது. கல்யாணப் பத்திரிகைக் கடைகளுக்கு நடுவே நோட்டுக் கடை ஒன்றில், “கோடு போட்டதா, போடாததா, கட்டமா, புள்ளியா சார்?” என்றார் கடைக்காரர்.

“புள்ளின்னா?”

“இப்ப ஐ.டி. பசங்கள்லாம் அதைத்தான் சார் கேக்குறாங்க.”

ஏ5 அளவு. பக்கம் முழுக்க ஐந்து மில்லிமீட்டருக்கு ஒரு சாம்பல் புள்ளி. அமெரிக்காவில் ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளர் பிரபலமாக்கிய ‘புல்லட் ஜர்னல்’ முறைக்கு இதுதான் வாகான நோட்டு. செய்யவேண்டிய வேலைக்கு முன்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். முடிந்தால் பெருக்கல் குறி. முடியாவிட்டால் அம்புக்குறி போட்டு அடுத்த மாதத்துக்கு மாற்றி எழுத வேண்டும். திரும்பத் திரும்பக் கைவலிக்க எழுதும்போதுதான் இந்த வேலை தேவையா என்று நமக்கே உறைக்கும் என்பது அவர் கணக்கு. எனக்குப் பிடித்தது அந்த அம்புக்குறிதான். தள்ளிப்போடுவதற்கு ஒரு முறையான முத்திரை உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது.

நோட்டை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மனைவி அதை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏங்க, கோல நோட்டா? மார்கழிக்கு வேணும்னு நானே சொல்லணும்னு இருந்தேன்.”

கரண்ட் பில் கட்டுவதற்காக நான் வைத்திருந்த புள்ளியைச் சுற்றி ஒரு சிக்குக்கோலம் வளைந்துபோயிருந்தது. கேஸ் புக்கிங்குக்கு வைத்த புள்ளி அதன் நட்டநடுவில் தாமரையாகியிருந்தது. போதாக்குறைக்கு ஒரு யோசனை வேறு: “இதுல நேர்ப்புள்ளிதான் வருது. அடுத்த தடவ இடுக்குப் புள்ளியா கேட்டு வாங்குங்க.”

சரி, அச்சடித்த பிளானராக இருந்தால் யாரும் கைவைக்க மாட்டார்கள் என்று மணிவாரியாகக் கோடு போட்ட ஒன்றை வாங்கினேன். இதற்கு வாரிசு அம்மா. திங்கட்கிழமைப் பக்கத்தில் 7.30 முதல் 9 வரை பென்சிலால் அடைத்து ‘ராகு’ என்று எழுதினார். 10.30 முதல் 12 எமகண்டம். அலுவலகம் போகிறவனுக்கு இவ்விரண்டையும் கழித்துவிட்டால் காலையில் மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம். பக்கத்தின் அடியில் இன்று எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தீர்கள் என்று எட்டுக் கட்டம் இருந்தது. அதில் 20 லிட்டர் கேன் கணக்கு ஏறியது. கேன் போடும் தம்பிக்கும் இப்போது அந்தப் பக்கம் மனப்பாடம்.

“எப்ப வாங்கின இத?” என்று கேட்டார் அம்மா.

“திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரத்துல.”

“ஒன்றரையிலேர்ந்து மூணு குளிகையாச்சே! குளிகைல செஞ்சா திரும்பத் திரும்பச் செய்யணும்டா. இனிமே நீ டைரி வாங்கிட்டேதான் இருப்ப.”

பஞ்சாங்கம் பொய் சொல்லவில்லை. கோடு போடாத நோட்டு மகனிடம் போனது. அவனுடைய புகார், “70 ஜி.எஸ்.எம். வேணாம்பா, ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறுது.” சுருள்கம்பி போட்ட பேட் கிழிக்கச் சுலபம் என்பதால் இஸ்திரிக்காரர் கணக்கு, மாடி வீட்டுக்குச் சொல்லவேண்டிய சேதி என்று தாள் தாளாகப் பறந்து, கடைசியில் கம்பி மட்டும் மிஞ்சியது. அதையும் தோட்டத்தில் புடலங்கொடிக்குக் கட்டிவிட்டார்கள்.

இப்போது என் வேலைகளை எழுதிவைப்பது மருந்துக் கம்பெனி பேடில். டாக்டர் மச்சினன் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவான். ஒவ்வொரு தாளின் தலையிலும் வாயுத்தொல்லைக்கான மாத்திரையின் பெயர், ஓரத்தில் வண்ணத்தில் ஒரு இரைப்பைப் படம். அதற்குக் கீழே துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மொச்சை என்று மளிகைப் பட்டியல் எழுதும்போது எச்சரிக்கையும் காரணமும் ஒரே தாளில் அமைந்துவிடும். சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு, பால்பாயிண்ட் பேனாவுக்கு ஊறாத தாள், தொலைந்தால் யாரும் தேடமாட்டார்கள். வீட்டில் ஒருவரும் இதற்கு இன்னும் உரிமை கொண்டாடவில்லை.

இந்த வருடம் அலுவலகத்தில் ஒரு தடித்த டைரி கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு பக்கம், கெட்டி அட்டை, சிவப்பு நாடா. பையிலிருந்து எடுக்கும்போதே அம்மா கையை நீட்டிவிட்டார். ஸ்ரீராமஜெயம் எழுதத்தான். தினமும் பூஜை முடித்து ஒரு பக்கம். என் வாழ்நாளில் வேறு எந்த டைரியும் இப்படி ஒரு நாள் விடாமல் நிரம்பி நான் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கும் ஒரு மனக்குறை.

“சனி ஞாயிறுக்குப் பாதிப் பாதிப் பக்கந்தான் விட்டிருக்கான். அடுத்த வருஷம் உங்க ஆபீஸ்ல சொல்லி வை. ராமருக்கு ஏதுடா லீவு?”