வரப்பில் நின்ற அண்ணன்

பத்மநாபபுரத்தில் கோட்டைக்குள் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும்: கும்பப்பூ நெல் அறுத்து, வயல் காய்ந்து, மண் இறுகிக் கிடக்கும் பங்குனிச் சாயங்காலங்களில் பக்கத்துக்கு ஐந்து பேராகப் பிரிந்து, செங்கல்லை வைத்து கோல் போட்டு, காற்று பாதி இறங்கிய பந்தை உருட்டிக்கொண்டிருப்போம். பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட அந்தப் பந்து துள்ளாது. துள்ளாததாலேயே காலோடு கிடக்கும், உள்ளங்காலால் அமுக்கிப் பின்னுக்கு இழுத்தால் பாய்ந்து வருகிறவன் நம்மைத் தாண்டிப் போய்விடுவான்.

அது உள்ளரங்குக் கால்பந்தான ஃபுட்சாலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று இப்போது நினைத்தால் சிரிப்பும் ஏக்கமும் சேர்ந்து வருகிறது. 1930இல் உருகுவேயின் மொன்டெவிடியோவில் ஹுவான் கார்லோஸ் செரியானி என்ற ஆசிரியர் வகுத்த ஆட்டம் அது. அங்கேயும் ஐவர்தான். பந்தை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளலில் 50 முதல் 65 சென்டிமீட்டருக்குள்தான் எழவேண்டும் என்று விதி இருக்கிறது. எங்களுக்கு அப்படியொரு பந்து காசில்லாததால் வாய்த்தது.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் முந்திரி ஆலையில் வேலை பார்த்த ஒரு அண்ணன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்று, "லேய் மக்கா, பந்தைப் பாக்காத, ஆளைப் பாரு" என்று சத்தம் போடுவார். பிறகு இறங்கி வந்து, குனிந்து, நம் காலைக் கையில் பிடித்து, பந்தின் மேல் பாதம் எங்கே படவேண்டும் என்று வைத்துக் காட்டுவார். பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆட்டம். அதன்பின் முக்குக் கடையில் அவர் செலவில் சாயாவும் ரசவடையும்.

இப்போது தக்கலைப் பக்கம் பிள்ளைகள் போனில் நேரம் குறித்து, மணிக்கு வாடகை கொடுத்து, வெள்ளை விளக்கடியில் டர்ஃபில் ஆடுகிறார்கள். கால் கிழியாமல் ஆடுவதைப் பார்க்க மனசு நிறைகிறது. மணி முடிந்ததும் அடுத்த கூட்டம் கதவில் வந்து நிற்கும். வரப்பில் நிற்கத்தான் ஆளில்லை.

பயிற்சியாளர் ஆவதற்கு இன்று படிகள் இருக்கின்றன. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஃபுட்சாலுக்கென்றே லெவல் 1இல் தொடங்கும் வகுப்புகள் வைத்திருக்கிறது. 2016இல் பயிற்சியாளராக அர்ஜென்டினாவுக்கு ஃபுட்சால் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த தியேகோ ஜுஸ்தோஸி அந்த அணிக்கே ஆடியவர். போர்ச்சுகலின் ஜார்ஜ் பிராஸ் 2010இல் பொறுப்பேற்றார். ஐரோப்பியக் கோப்பை 2018இல்தான் வந்தது, உலகக் கோப்பை 2021இல். அத்தனை வருஷம் அவரை நம்பிக் காத்திருந்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நாமோ அதே 2016இல் சென்னை நேரு உள்ளரங்கில் பிரேசிலின் ரொனால்டினோவையும் ஃபால்காவோவையும் பிரீமியர் ஃபுட்சால் போட்டியில் பார்த்துக் கைதட்டினோம். தேசிய ஆண்கள் அணி சர்வதேச ஆட்டத்தில் இறங்க 2023 ஆயிற்று. அன்று ஜோஷுவா வாஸ் பயிற்சியாளர், 2025இல் ஈரானின் ரெசா கோர்தி.

வெளிநாட்டு ஆசான் நம் ஊருக்குப் புதிதல்ல. 1741 குளச்சல் போருக்குப் பின் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்த, டச்சுக் கம்பெனிப் படையிலிருந்த டிலனாய், திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, 1777இல் இறந்து, இதோ பக்கத்து உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமாகியிருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் இங்கேயே இருந்து பழக்கினார். பயிற்சி என்றால் அவ்வளவு காலம் பிடிக்கும்.

டர்ஃப் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆள் வராத காலை வேளையில் ஒரு மணி நேரத்தை ஊர்ப் பிள்ளைகளுக்கு வாடகையில்லாமல் விடுங்கள். ஆடி ஓய்ந்த அண்ணன்மார் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்கள், அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்துங்கள். அவர் லெவல் 1 வகுப்புக்குப் போய்வர ஆகும் கட்டணத்தையும் வண்டிச் செலவையும் நாங்கள் ஊர்க்காரர்கள் போட்டுக்கொள்கிறோம்.